பன்னிரண்டு கட்டில்களில் ஓட்டை

அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை வைப்பதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்பது விதி. சுகாதாரத் துறை அலுவலகத்தில் முப்பது வருடம் அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். காலரா பரவிய எழுபதுகளில் ஒரு நாள், செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு நர்சுகள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒட்டுக்கேட்க அனுமதி தேவையில்லை.

“பன்னெண்டு கான்வாஸ் கட்டில்லயும் நாந்தான்க்கா ஓட்டை போட்டேன்” என்றாள் இளையவள்.

“எதுக்குடி?”

“காலரா வந்தவங்களால எந்திரிக்க முடியல. ஓட்டைக்குக் கீழ பக்கெட் வச்சா, எவ்ளோ போவுதுன்னு அளந்து அவ்ளோ சலைன் ஏத்தலாம். அனுமதி கேட்டு எழுதினோம், பதிலே இல்ல. கத்திரிக்கோல எடுத்துட்டேன்.”

“வேல போயிருந்தா இன்னா பண்ணுவ?”

“பயந்துகினுதான் இருந்தேன். ஆனா பன்னெண்டு பேரும் நடந்தே வூட்டுக்குப் போனாங்க. ஒரு மீன்காரம்மா கருவாடு குடுத்தனுப்பிச்சாங்க.”

“அதான் பஸ்ஸே மணக்குது. சரி, பதில் வந்துதா?”

“வந்துதுக்கா. ஓட்டை போட்டுக்கலாமாம்.”

“எப்போ வந்துது?”

“நேத்து. வார்டைக் கழுவி மூடிக்கினு இருந்தப்போ.”