அரசலாற்றுக்குத் தெற்கே

கிழக்கே ஒரு சத்தம். அரிசி ஆலையின் இரும்புக் கதவை ஓங்கிச் சாத்துவது போல. பிறகு அமைதி. பிறகு தலைக்கு மேலே ஈரத்துணியைக் கிழிக்கும் சத்தம். அது கேட்டால் தரையில் விழ வேண்டும். காலையிலிருந்து கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். விழுகிறோம். குண்டு வயலில் இறங்குகிறது. சேறு மழை போலப் பெய்கிறது. நெல்மணியும் கூடவே விழுகிறது.

"படுக்காதீங்க சல்மாக்கா, ஓடுங்க. ஆத்தைத் தாண்டிட்டா தப்பிச்சுக்கலாம்."

கத்தியவர் கோவிந்தசாமி. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். குத்தகை நிலத்தில் சம்பா நட்டவர். அவர் மனைவி ராசாத்தி மாடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போகிறாள். எனக்கு இந்தக் கையில் மகள் நசீமா. ஏழு வயது. அந்தக் கையில் மும்தாஜ், என் கணவர் ஜமாலின் தங்கை. பின்னால் நன்னிலம் எரிகிறது.

தை மாதம். வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்ல அன்று ஆளில்லை.

இன்று படிக்கிற பிள்ளைகளுக்காக முன்கதையைச் சொல்ல வேண்டும். என் அத்தா காலத்துப் பெரிய போரில் ஜப்பானும் ஜெர்மனியும் ஜெயித்தன. வெள்ளைக்காரன் போனான். சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் ஜப்பான்காரன் வந்தான். காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களெல்லாம் அவன் படைக்குச் சோறு போட்டன. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கிழக்கே திரும்பி அவர்கள் சக்கரவர்த்தியைக் கும்பிட வேண்டும். நானும் கும்பிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மேற்கே திரும்பித் தொழுதிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் அவனுக்கே கை கடித்தது. கதவைத் திறக்கிறோம் என்றான். ஜெர்மன் ரேடியோவும் சைக்கிளும் கடைத்தெருவுக்கு வந்தன. வளைகுடா ஜெர்மன்காரன் வசம் இருந்தது. அங்கே துறைமுகங்களுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து சபர் கிளம்பினார்கள். ஜமாலும் போனார். மும்தாஜின் கல்யாணத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் ஜெயித்த இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஜெர்மன் கப்பல்கள் நாகப்பட்டினம் கடலில் வந்து நின்றன. சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

ஆற்றங்கரையில் ஏறுகிறோம். பாலம் தெரிகிறது. பாலத்தில் ஜப்பான் சிப்பாய்கள் குனிந்து எதையோ கட்டுகிறார்கள். உள்ளூர்க் காவல்காரன் ஒருவன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான்.

"பாலத்துல ஏறாதீங்க. வெடி வச்சாச்சு. தண்ணியில இறங்குங்க."

கிழக்கே மறுபடியும் அந்த இரும்புக் கதவு. மறுபடியும் துணி கிழிகிறது. இந்த முறை சத்தம் நீளவில்லை. சட்டென்று முடிந்தது.

நான் எழுந்தபோது வாயெல்லாம் மண். மும்தாஜின் கை என் கையில்தான் இருந்தது. அவள் கண் திறந்திருந்தது. அவளைப் புரட்டி முதுகைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

நசீமா எழுந்து உட்கார்ந்தாள். உடம்பில் காயமில்லை. காதிலிருந்து மட்டும் நூல் போல ரத்தம். என்னைப் பார்த்தாள். கோவிந்தசாமியைப் பார்த்தாள்.

"ஏம்மா எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?" என்றாள்.

மும்தாஜை அவள் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியாலேயே மூடினேன். ஜனாஸா தொழவில்லை. குழி வெட்டவில்லை. கோவிந்தசாமி என் தோளைப் பிடித்து இழுத்தார். அதுவரை ஒருநாளும் அவர் என் மேல் கை வைத்ததில்லை.

தண்ணீர் இடுப்பளவு. நசீமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போகிறார். அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு நான். ராசாத்தி என் பின்னால். மாடுகள் இறங்க மறுத்துக் கரையிலேயே நின்றுவிட்டன. அக்கரையில் பிள்ளையை இறக்கினார். மாடுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"போவாதே. மாடு போனா போவுது" என்றாள் ராசாத்தி.

"நாளைக்கு எதை வச்சு உழுவறது" என்றார். போனார்.

நடு ஆற்றுக்குப் போயிருப்பார். பாலம் வெடித்தது. முதலில் வெளிச்சம். பிறகு காற்று. பிறகு கல் மழை. ஆற்றுத் தண்ணீர் எழுந்து நின்று விழுந்தது. ராசாத்தி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றுதான் பெயர் சொன்னாள். இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

திருவிடைமருதூர்க் கோயிலின் வெளிப்பிரகாரத்தில் எங்களைச் சேர்த்தார்கள். அறுவடை நடக்க வேண்டிய தை மாதம் முழுதும் அங்கே கல்லில் படுத்தோம். தெற்கே புகை தெரியும். ஜெர்மன்காரனுக்கு நெல் கிடைக்கக் கூடாது என்று ஜப்பான்காரன் வயலுக்கு வயல் தீ வைத்தான். ராசாத்தி என் பக்கத்திலேயே படுத்தாள். அவள் தூங்கினால் நான் விழித்திருப்பேன். நான் தூங்கினால் அவள். யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை.

ஆடிக்குள் ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர் திரும்பவும் ஜப்பான்காரனுக்கே போயிற்று. பாடப்புத்தகத்தில் அதைச் சிறு பிணக்கு என்று போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் ஜமால் வந்தார். மெலிந்திருந்தார். தங்கையைப் பற்றிக் கேட்கவே இல்லை. வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பகல் நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே நசீமாவும் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டியெல்லாம் நாங்க ஏத்துனதுதான் சல்மா."

"எந்தப் பெட்டி மச்சான்?"

"குண்டுப் பெட்டி. கப்பல்ல ஏத்தச் சொன்னான். உள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க போவுதுன்னு சொல்லல."

"கேட்டிருக்கலாமே."

"நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் கேட்டாரு. அப்பறம் அவரை யாரும் பாக்கல."

"மெதுவாப் பேசுங்க. பிள்ளை இருக்கா."

"அவளுக்குத்தான் கேக்காதே" என்றார்.

அதற்குள் நசீமா உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியிருந்தாள். அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தவருக்கு அது தெரியாது. எனக்கும் அந்த நேரம் நினைவு வரவில்லை. அவள் உரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, அந்தக் குண்டு எவ்ளோ பெருசு இருக்கும்?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டப் போனார். பாதியிலேயே நிறுத்தினார். கைகளை இறக்கிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

மும்தாஜ், பத்தொன்பது வயது. ஊர் திரும்பித் தேடியபோது உடல் கிடைக்கவில்லை. கோவிந்தசாமி. மூன்றாம் நாள் மணலில் ஒதுங்கினார், ராசாத்தி தானே கொள்ளி வைத்தாள். உழவு மாடு ஒரு ஜோடி. எங்கள் தெருவில் நான்கு வீடு தவிர மற்றதெல்லாம். அரசலாற்றுக்குத் தெற்கே அந்த வருஷத்துச் சம்பா முழுவதும், விதைநெல் உட்பட. நசீமாவின் இரண்டு காதுகள்.

துறைமுகத்தில் கப்பல் எங்கே போகிறது என்று கேட்ட ஒருவர். அவர் பெயர் ஜமாலுக்குத் தெரியவில்லை. நன்னிலத்துக்கு அக்கம்பக்கத்தில் எந்த ஊரோ. விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.