களைப்பா இருக்கா, ஐயா?

எனக்கு இனிப்பு பிடிக்கும் சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தப்பாக நினைக்கக் கூடாது. ஜாவாவில், இந்தக் குடுஸ் ஊரில் பிறந்துவிட்டு, வெல்லமும் அரிசிமாவும் போட்டுக் கிண்டும் ஜெனாங் பிடிக்காது என்றால் யார் நம்புவார்கள்.

நுரையீரல் கெட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உதட்டைக் குவித்து ஊதச் சொல்வேன், முதுகில் தட்டிச் சளியை வெளியே எடுப்பேன், தாழ்வாரத்தில் நடக்க வைப்பேன். படுக்கையாய் வந்தவர்கள் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத் தேறியிருக்கிறார்கள். சளி மட்டும்தான் எனக்கு ஆகாது. டப்பாவில் அது விழும் சத்தம் கேட்டாலே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஆனாலும் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை.

தர்முஜி ஐயா கிராம்பு சிகரெட் ஆலைக் கிடங்கில் ஆயுசெல்லாம் உழைத்தவர். மகள் கல்யாணத்தில் சக்கர நாற்காலி இல்லாமல் நடந்து வர வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு நான் கூடவே நடப்பேன். வரும்போதெல்லாம் ஜெனாங் கொண்டு வருவார். காறித் துப்புவார், உதட்டோரம் தொங்கும் கோழையை விரலால் வழிப்பார், அதே விரலால் காகிதத்தைப் பிரித்து நீட்டுவார்.

"சாப்பிடு தாயி. என் கண்ணு முன்னால சாப்பிடு, அப்பத்தான் எனக்குத் திருப்தி."

பழுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். எது ஜெனாங், எது அவருடையது என்று நாக்குக்குத் தெரியுமா. பெரியவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் வாய் வராது. சிரித்துக்கொண்டே விழுங்குவேன். பிறகு கழிப்பறையில் விரலை விட்டு வாந்தி எடுப்பேன்.

அவருக்கும் அதே மரியாதைதான். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால், நீலம் பாரித்த உதட்டோடு "இல்ல தாயி, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நம் மனது நோகக் கூடாதாம். அதனால் இவர்கள் சொல்லும் பதிலை நம்பாதீர்கள், விரலில் மாட்டும் கருவியைப் பாருங்கள் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

அன்றைக்குக் கருவியை மாட்டவில்லை. சிலிண்டரையும் மூடிவிட்டேன்.

"களைப்பா இருக்கா, ஐயா?"

"இல்ல தாயி."

"இன்னொரு சுத்து போலாமா?"

"நீ சொன்னா சரி."

நான் கட்டாயப்படுத்தவே இல்லை சார். கேட்டுக் கேட்டுத்தான் நடத்தினேன். ஓரிடத்தில் நின்று மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். "காத்து வரல போல... பரவால்ல தாயி, கல்யாணத்துல குழாய் இல்லாம நடந்தா இன்னும் அழகா இருக்கும்ல" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். விழுந்த பிறகு சிலிண்டரைத் திறந்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து ஆட்களைக் கூப்பிட்டேன். போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

துக்கம் முடிந்து அவர் மனைவி ஒரு தட்டு ஜெனாங்கோடு வந்தார். "உங்களப் பத்தியே பேசுவாரும்மா. நான் தொட்டதை அருவருக்காம சாப்பிடுற ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. எங்க மககூட அவர் தொட்டதச் சாப்பிட மாட்டா" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது சார். பெற்ற அப்பாவைப் போய் அருவருப்பாளா ஒருத்தி. ச்சீ, என்ன ஜென்மமோ.