மிஞ்சாத மாத்திரை

— உட்காரும்மா. இந்த மருந்து கார்டு எங்க கெடச்சுது?

— எங்க வீட்டுக்காரரோட டூல்ஸ் பெட்டியில, சிஸ்டர். டெஸ்டருக்கு அடியில. அவர் தவறிப்போயி நாப்பது நாள் கழிச்சு நேத்துதான் தெறந்தேன்.

— அப்ப எச்.ஐ.வி.ன்னு உன்கிட்ட மனுஷன் வாயத் தெறக்கவே இல்லியா?

— மஞ்சக்காமாலைன்னுதான் சொன்னாரு.

— அது பொய் இல்ல. ஈரல்ல ஹெபடைடிஸ் பி-ன்னு இன்னொரு கிருமியும் இருந்துச்சு. ரெண்டையும் ஒரே மாத்திரைதான் அடக்கும், தினம் ஒண்ணு. முதல் ஆறு மாசத்துலயே ரெண்டும் பெட்டிப்பாம்பா அடங்கிப்போச்சு. எலக்ட்ரீஷியன் சார், பாஸ் பண்ணிட்டீங்கன்னு கை குலுக்கினேன்.

— அப்புறம் என்னதான் ஆச்சு?

— திடீர்னு ரெண்டும் தலையத் தூக்குச்சு. மாத்திரைய விட்டீங்களான்னு கேட்டா, காலி பாட்டில இந்த மேசை மேல கவிழ்த்துத் தட்டிக் காட்டுவாரு. மாசா மாசம். ஒண்ணுகூட மிஞ்சாது. மருந்தே கேக்கலியோன்னு டாக்டர் ரத்தத்த வெளியூருக்கு அனுப்பினாரு. இந்த மருந்துக்கு அடங்குற கிருமிதான்னு பதில் வந்துச்சு. அதுக்குள்ள ஈரல் போயிருச்சும்மா. அவர் தட்டுற சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

— பெட்டியில இந்த பாட்டிலும் இருந்துச்சு சிஸ்டர். பாதி இருக்கு.

— அதேதான். எதுக்கு அத இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குற?

— இந்த மாத்திரைய... சத்து மாத்திரைன்னு எனக்குத்தான் கொடுப்பாரு. ஒண்ணரை வருஷமா. சாப்பிட்டதும் டம்ளரோட வந்து நிப்பாரு. நான் வாயில போடுற வரைக்கும் நகர மாட்டாரு.

— அடப்பாவி மனுஷா! பொண்டாட்டியக் கூட்டிட்டு வாய்யா, டெஸ்ட் பண்ணுவோம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். என்னால அவளுக்கும் வந்திருந்தா எந்த மூஞ்சியோட சொல்வேன்னு அழுவாரு. தன் உயிர் மாத்திரைய உனக்கு ஊட்டியிருக்காரும்மா!

— ஐயோ.

— அழாத. நான் சொல்றதக் கேளு. இன்னிக்கே உனக்கு ரத்தம் எடுக்கணும். உனக்கும் அந்தக் கிருமி இருந்து, மாத்திரைய சட்டுனு நிறுத்தியிருந்தா ஈரலுக்கு ஆபத்து. கடைசியா எப்ப முழுங்கின?

— முழுங்கல.

— என்னது?

— ஒண்ணுகூட முழுங்கல சிஸ்டர். கன்னத்துல ஒதுக்கி வெச்சிருந்து வாஷ்பேசின்ல துப்பிருவேன். என்ன சத்தோ, என் மாத்திரையோட சேராமப் போச்சுன்னா?

— உன் மாத்திரையா? எந்த மாத்திரை?

— வேற ஊர் ஆஸ்பத்திரியில வாங்குறேன், அது நெறம் வேற. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே எனக்கும் எச்.ஐ.வி. இருக்கு. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிருவாருன்னு நானும் சொல்லல சிஸ்டர்.