மாதிரிக்கு ஒரு மாமனார்

ஃபேன் வேண்டாம் சார், இப்படியே இருக்கட்டும். போட்டால் உங்கள் ஃபைலில் இருக்கிற காகிதமெல்லாம் பறக்கும். எனக்கு வேர்க்கவும் இல்லை.

என் பெயர் அருண்ராஜ். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சுப்பிரமணியன் என் மாமனார். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் முப்பத்தோரு வருடமாக வேலை பார்க்கிறார். அறுபது முடிந்தும் வயதைக் குறைத்துக் காட்டி வேலையில் நீடிக்கிறார் என்பதுதான் அவர்மேல் நீங்கள் விசாரிக்கிற புகார். அவருக்கு வயது ஐம்பத்தேழுதான். அறுபதாக்கியது நான். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் விசேஷங்களை எடுத்து நடத்திக் கொடுக்கிறவன். மேடை, பூ, சமையல், போட்டோ எல்லாம் என் பொறுப்பு. தொழிலுக்குப் பெயர் 'சுபவேளை ஈவெண்ட்ஸ்'. குவார்ட்டர்ஸ் வாசலில் போர்டு மாட்டக் கூடாது என்பதால் பேஸ்புக் பக்கம்தான் என் கடை. போன வருடம் ஆரம்பித்தபோது அதில் நாற்பத்திரண்டு லைக். அதில் பதினெட்டு என் மனைவி சத்யாவின் சொந்தக்காரர்கள்.

நம் டவுன்ஷிப்பைப் பற்றி ஒன்றை நான் கவனித்தேன். இங்கே நிறையப் பேர் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் ஒரே காலத்தில் அறுபதாகிறார்கள். பிளாக் பிளாக்காக அறுபதாகிறார்கள். ஆனால் எல்லோரும் வேன் பிடித்துத் திருக்கடையூர் போய்விடுகிறார்கள். அந்த அறுபதாம் கல்யாணத்தை இங்கேயே நடத்தலாமே என்று வீடு வீடாகப் போய்ப் பேசினேன். மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இதுக்கு முன்னாடி பண்ண போட்டோ இருந்தா காட்டுங்க தம்பி."

போட்டோ இருந்தால்தான் விசேஷம் கிடைக்கும். விசேஷம் கிடைத்தால்தான் போட்டோ இருக்கும். உங்களுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு சிக்கல் வந்திருக்காது சார், நீங்கள் பர்மனென்ட்.

மாமா ரொம்ப சாது. யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வார விடுமுறை. நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மாதிரிக்குத்தான் மாமா. யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுன்னா பேஸ்புக்குல எதுக்கு மாப்ள போடுறீங்க?"

"அது வெளியூர்க்காரங்க பாக்கறதுக்கு."

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை பெயர் கனகம். அவங்களுக்குப் பட்டுப்புடவை கட்ட ஒரு காரணம் கிடைத்ததே என்றிருந்தது. குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கோயில் மண்டபம் அச்சடித்த ஃப்ளெக்ஸைக் கட்டி, மாலை போட்டு, சல்லடை பிடித்துக் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினோம். மாமாவுக்கு முடி நரைக்கவே இல்லை. அதனால் முதலில் தலையில் முகப்பவுடர் போட்டிருந்தேன். தண்ணீர் ஊற்றியதும் அது கரைந்து முகத்தில் வழிந்தது. போட்டோவில் பால் அபிஷேகம் மாதிரி விழுந்திருந்தது. நல்ல படம்.

'எங்கள் குடும்பத் தலைவரின் மணிவிழா, ஏற்பாடு சுபவேளை' என்று போட்டேன். இரண்டு நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது லைக்.

திங்கட்கிழமை மாமா ஷிஃப்ட்டுக்குப் போனதும் சுரங்கத்தில் அவரைத் தூக்கிக் கொண்டாடியிருக்கிறார்கள். மறுத்தால் மருமகன் பொய்க்காரனாகிவிடுவான் என்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அத்தையிடம் மட்டும், "இன்னிக்கு நாலு பேரு கால்ல வுழுந்துட்டாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்று சொன்னாராம்.

புதன்கிழமை முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மாமாவின் அண்ணன் வந்தார். அவர் பெயரே பெரியண்ணன். டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு வந்தார். கோபமாக வந்தாலும் வெறுங்கையோடு வருகிறவர் இல்லை.

"எனுக்கே அம்பத்தொம்போதுதான்டா ஆவுது. எனுக்கு அப்புறம் பொறந்தவன் நீ, எனுக்கு முன்னால எப்பிடிடா அறுவது ஆன?"

மாமா என்னைப் பார்த்தார். நியாயமான கேள்வி என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அண்ணனுக்கு அறுபத்திரண்டு என்று சொல்லியிருந்தால் யாராவது கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பத்து வயது வித்தியாசம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். எழுபதாம் கல்யாணத்துக்கும் என்னிடம் போட்டோ இல்லை. அடுத்த ஞாயிறு அவரை எழுபதாக்கினேன். பட்டுச் சட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் போய்விட்டது. பஸ்ஸில் இப்போது எழுந்து இடம் கொடுக்கிறார்களாம், சந்தோஷமாக இருக்கிறார். அவர் மனைவிதான் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பக்கத்தில் நிற்கவைத்ததால் அவங்களுக்கும் அறுபத்தைந்து என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அவங்களுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. அந்த நேரத்தில் மாடசாமி என்பவர் என் பக்கத்தில் ஒரு கமெண்ட் போட்டார். அவர் மாமாவோடு வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரர். 'அண்ணாச்சிக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. இது டூப்பு' என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்தில் அந்தக் கமெண்டுக்கே முப்பது லைக். நான் அதை அழித்திருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரின் கேள்வியை அழிப்பது நேர்மையான தொழிலுக்கு அழகில்லை என்று நினைக்கிறவன் நான். அதனால் மாமாவுக்கு ஒரு ஜாதகம் எழுதினேன்.

அவர் பிறந்தது விளம்பி வருடம். நான் அதற்கு மூன்று வருடம் முந்திய மன்மத வருடம் என்று எழுதினேன். தாளை டீத்தண்ணீரில் நனைத்து, மொட்டை மாடியில் காயவைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். போட்டோ எடுத்து மாடசாமியின் கமெண்டுக்குக் கீழே போட்டேன். 'மன்னிச்சிருங்க, தெரியாம பேசிட்டேன்' என்று எழுதினார். பண்பான மனிதர்.

ஜூலையில் உங்கள் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. மணிவிழாப் படமும் ஜாதகமும் அதோடு இணைக்கப்பட்டிருந்தன. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மாமாவுக்கு உத்தரவு வந்தது. இப்போது மூன்று மாதம்.

இந்த மூன்று மாதமும் அவர் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஷிஃப்ட் பஸ் வரும்போது எழுந்து நிற்பார். பஸ் போனதும் உட்காருவார். பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதைப் படம் எடுத்து 'உழைப்பே உயர்வு' என்று போட்டேன். முந்நூற்றுச் சொச்சம்தான் லைக், ஆனால் கமெண்ட் நன்றாக வந்தது.

நீங்கள் முதல் தடவை விசாரித்தபோது அந்தப் படம் எப்படி வந்தது, யார் எடுத்தது என்றெல்லாம் கேட்டீர்கள். 'எனக்கு ஞாபகம் இல்லீங்க' என்று அவர் சொன்னது இந்த ஃபைலிலேயே இருக்கும். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "மாப்ள பேரச் சொன்னா அவரு பொழப்பு கெட்டுப்பூடும். நம்ப பொண்ணு அங்கதான வாழ்ந்துகினு இருக்குது." எனக்குக் கண்ணீர் வந்தது. அன்றைக்கே வந்து உங்களிடம் சொல்லியிருப்பேன். பக்கத்துக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் லைக் இருந்தது. ஐயாயிரம் ஆனதும் வரலாம் என்று இருந்தேன்.

போன ஞாயிறு சத்யா வீட்டுக் கம்ப்யூட்டரில் குழந்தையின் பிறந்தநாள் படத்தைத் தேடியபோது வேறு ஒன்றைப் பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. சாப்பாடு போட்டாள், நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள்.

"நீங்களே போயி சொல்லிடுங்க. இல்லன்னா நான் அப்பாவக் கூட்டிக்கினு போயி சொல்லுவேன்."

"சொன்னா தொழில் போயிடும் சத்யா."

"அவருக்குப் போயிட்டுது இல்ல?"

அவள் பார்த்தது அந்த மொட்டைக் கடுதாசி. அதை எழுதியதும் நான்தான்.

பேனாவைக் கீழே வைக்காதீர்கள் சார், இதற்கும் காரணம் இருக்கிறது. மணிவிழா ஆர்டர் கொடுத்தவர்களெல்லாம் அடுத்துக் கேட்டது பணி நிறைவு விழா. மேளதாளத்தோடு வீடுவரை ஊர்வலம், பொன்னாடை, ஜீப்பில் மாலையோடு நிற்பது. 'முன்னாடி பண்ண போட்டோ இருந்தா காட்டுங்க' என்றார்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை. மாமாவோ எப்படியும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். கொஞ்சம் முன்னதாகப் பெற்றால் உடம்புக்கும் நல்லது என்று நினைத்தேன். அறுபதாகிவிட்டது என்று தெரிந்தால் மரியாதையாக அனுப்பி வைப்பீர்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஜீப்பைக்கூடச் சொல்லி வைத்திருந்தேன். இப்படி வீட்டில் உட்காரவைப்பீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவுதான். அவர் நிரபராதி. ஜாதகமும் கடுதாசியும் என் வேலை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். என் பக்கத்தை மூட வேண்டும் என்றாலும் மூடுகிறேன். கெட்ட எண்ணத்தோடு நான் எதுவும் செய்யவில்லை, அவர்மேல் எனக்கு இருக்கிற பாசம் ஊருக்கே தெரியும்.

மாமாவுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. அவரை உள்ளே கூப்பிட்டு, 'உங்கள்மேல் தப்பில்லை, நாளைக்கு ஷிஃப்ட்டுக்கு வாருங்கள்' என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். அழுதுவிடுவார். மேஜைக்கு இந்தப் பக்கமாக நிற்கச் சொல்லுங்கள், இங்கேதான் வெளிச்சம் விழுகிறது. என் போனைச் சத்யா வாங்கி வைத்துக்கொண்டாள். உங்கள் போனில் கேமரா எத்தனை மெகாபிக்சல் சார்?