ஏசி ஹாலில் தெருச் சாக்கடை

“ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, சொல்லு வாணி... வண்டி இன்னும் வரலையா? காலைலயே வந்துரும்னுதான சொன்னாய்ங்க... சாக்கடைத்தண்ணி அடுப்படிக்கே வந்துருச்சா! சிலிண்டரத் தூக்கி ஸ்டூல் மேல வையி... சரி... சரி...”

சாக்கடை அள்ளும் வண்டியைக் கேட்டுத்தான் கவுன்சிலரைத் துரத்திக்கொண்டு வந்திருந்தார் நல்லகாமன். நவீனக் கலைக் கண்காட்சியைத் திறந்துவைக்கப் போகிறார் என்றார்கள். கலைக்கும் அந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று நொந்துகொண்டே உள்ளே நுழைந்தவர், இப்போது மூக்கைப் பொத்தியபடி ஒரு தூணோரம் நின்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கவுன்சிலரா? வந்துக்கிட்டே இருக்காராம்... படமா? படம்னு ஒண்ணையும் காணோம்டி. ஒரு சுவத்துல ஈரக்கறை இருக்கு. அதுக்குப் பேரு எழுதி ஒட்டி, மேல லைட்டு வேற... ஆமா, ஆமா, நம்ம ஹால்ல இருக்குறதவிடச் சின்னதுதான்... அந்தப் பக்கம் ஓட்டைக் குடத்தக் கவுத்து வச்சிருக்கு. ஒரு அம்மா கும்புடாத கொறையா அதச் சுத்தி வருது... சிரிக்காத. நடுவுல இருக்குறதக் கேட்டேனா வாந்தி எடுத்துருவ.

கண்ணாடித் தொட்டி. கப்பலூர்ல சொல்லிச் செஞ்சதாம், ஆளு படுக்குற நீளம். உள்ள சாக்கடைத்தண்ணி... அட, நெசமாவே சாக்கடைதான்டி! கொமட்டிக்கிட்டு வருது... பேரா? ‘தேக்கத்தின் தியானம்’. கீழ எழுதியிருக்கறதக் கேளு: ‘பார்வையாளனின் அழகியல் ஆணவத்தை இப்படைப்பு நாசி வழியே கட்டுடைக்கிறது’... எனக்கு மட்டும் என்ன புரியுது? நாறும்னு சொல்றான் போல... எங்க எடுத்ததா? இரு... இரு... வாணி, நம்ம தெருப் பேரு போட்டுருக்குடி!”

கொண்டை போட்ட ஓர் இளைஞன் அருகில் வந்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே நல்லகாமன் திரும்பினார்.

“லைன்லயே இரு... தம்பி, இதுல பேரு போட்டுருக்க விக்ரம் நீங்கதானா? ... ஆமா, அதே தெருதான், நீல கேட்டு வீடு... தெனமும் புதுசா மோந்துட்டு வந்து ஊத்துறீங்களா? ... யார்ட்ட சொன்னீங்க? ... ஓகோ... ரொம்ப நல்லது தம்பி...

கேட்டியா வாணி? வண்டி வராது. கண்காட்சி முடியிறவரைக்கும் சாக்கடையத் தொடவேணாம்னு இந்தப் பய கவுன்சிலர்ட்ட கேட்டானாம். தொட்டா ஒரிஜினல் கெட்டுப்போயிருமாம். அவரும் சரின்னுட்டாராம்... இங்க முடிஞ்சா சென்னையாம், அப்புறம் கொச்சியாம்... அழாத வாணி... அழாதங்கறேன்ல...

இந்தா, வந்துட்டாரு. பொன்னாடை போத்துறாய்ங்க... நம்ம தெருவுல கார்க் கண்ணாடியவே எறக்காத மனுசன், தொட்டிகிட்டக் குனிஞ்சு கண்ண மூடி நிக்கிறாரு. தியானமாம்... மேடை ஏறிட்டாரு... ஐயோ, அந்தப் பய மைக்குல என்னையக் கூப்புடுறான். ‘படைப்புக்குள் வாழும் மனிதர்’னு சொல்றான். கவுன்சிலருக்குக் கைகுடுத்து போட்டோ எடுக்கணுமாம்... திட்ட மாட்டேன்... இல்ல, சண்டையும் போட மாட்டேன். கைதான குடுக்கணும், குடுத்துட்டு வாரேன். போன வையி. சட்டைக் கைய மடிக்கணும்.”

அழைப்பைத் துண்டித்து, போனைப் பைக்குள் போட்டார் நல்லகாமன். வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். தொட்டிக்குள் கையை விட்டு, அடிவண்டல் வரை ஒரு துழாவு துழாவினார். பிறகு சொட்டச் சொட்ட அந்தக் கையை நீட்டிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தார். கவுன்சிலரின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. கேமராக்கள் எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.