ஏறாத ரேங்க்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ரேங்க் பார்த்துவிடுவது என் பழக்கம். சிலர் ராசிபலன் பார்ப்பதில்லையா, அதைப் போலத்தான். அதில் தப்பொன்றும் இல்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், சார்.

இணையதள ரேங்க் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் ஒரு நிறுவனம் உலகத்துத் தளங்களை எல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். எண் சின்னதாக இருந்தால் தளம் பெரியது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நான், 'கிடங்கல் டைம்ஸ்' என்று உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றைத் தொடங்கியபோது என் எண் கோடிக்குப் பக்கத்தில் கிடந்தது. பிறகுதான் அதன் சூட்சுமம் பிடிபட்டது. அந்த நிறுவனம் எல்லோரையும் எண்ணுவதில்லை. அவர்கள் கொடுக்கும் டூல்பார் என்ற சின்ன மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டவர்களை மட்டும்தான் எண்ணும். எங்கள் பக்கத்தில் அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? நான் போட்டேன். சென்டரில் இருந்த எல்லா மெஷினிலும் போட்டு, திறந்ததும் என் தளமே முதலில் வரும்படி வைத்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவனும் ரயில் டிக்கெட் எடுக்க வந்தவனும் என் வாசகனானான். சில மாதங்களில் விழுப்புரத்துத் தளங்களை எல்லாம் முந்திவிட்டேன்.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். தராசு அப்படி இருந்தது, நான் அதில் ஏறி நின்றேன், அவ்வளவுதான்.

அந்த எண்ணைப் பார்த்துத்தான் மனை வியாபாரம் செய்யும் வேங்கடேசன் விளம்பரம் கொடுத்தார். கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நாளடைவில், அந்த எண்ணை உண்டாக்கியதே நான்தான் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

பிறகு எல்லார் கைக்கும் செல்போன் வந்தது. சென்டர் காலியானது. ரேங்க் சரிந்தது. செய்தி எழுதவும் தளத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்னிடம் வேலைக்கு இருந்த ஜெர்லின் ஒருநாள் சொன்னாள்:

"சார், ஜனங்க எல்லாம் போன்ல படிக்கிறாங்க. அந்த ரேங்க்காரன் அதை எண்றதே இல்ல. நம்ம சர்வர் கணக்கப் பாருங்க, முன்ன விட ஜாஸ்தியாத்தான் வந்துக்கினு இருக்காங்க. சும்மா பேஜாரு பண்ணிக்காதீங்க."

நம் கணக்கை நாமே சொன்னால் யார் நம்புவார்கள்? வேங்கடேசனும் ரேங்கைத்தான் கேட்டார். "இன்னா கோதண்டபாணி, உன் சைட்டு படுத்துக்கிச்சாமே?"

பெரியநாயகம் காணாமல் போனது அந்தச் சமயத்தில்தான். 2014 கோடை. கோலியனூர்க்காரர், ஞாபகம் தப்பிய முதியவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அவருடைய மகள் அற்புதமேரி போட்டோவோடு பஸ் ஏறி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அப்பாவுக்கு சுகர் ஜாஸ்திண்ணா. தெனம் ஊசி போட்டாவணும். ஜல்தியா போட்டுடுங்கண்ணா. உங்களுதுதான் இருக்கறதிலயே பெரிய சைட்டுன்னு சொன்னாங்க."

போட்டேன். அன்று வந்த கூட்டத்தைப் போல் என்றுமே வந்ததில்லை என்றாள் ஜெர்லின். நான் ரேங்க் பார்த்தேன். அசையவில்லை. அது உடனே ஏறாது, சில நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் விக்கிரவாண்டியிலிருந்து ஒரு போன் வந்தது. ரோட்டோரக் கடையில் பரோட்டா போடும் சின்னதுரை என்பவர். "சார், நீங்க போட்டிருக்கிற பெரியவரு இங்க வேங்கடேசன் பிளாட்டாண்ட, வாட்ச்மேன் ரூம்ல குந்திக்கினு இருக்காரு." நானே வந்து பார்த்துக்கொள்கிறேன், கூட்டம் சேர்க்க வேண்டாம் என்றேன்.

பைக்கில் கிளம்பும்போது அவரைக் கோலியனூருக்கு அழைத்துப்போகும் எண்ணம்தான் இருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மனைகளின் கோடியில், கட்டி முடித்தும் ஆள் வைக்காத வாட்ச்மேன் அறை ஒன்று உண்டு. உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பஸ் வந்துடுச்சாப்பா?" என்றார்.

"வந்துக்கினு இருக்குது. நீங்க குந்துங்க ஐயா."

தண்ணீரும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். கதவைப் பூட்டினேன். திறந்து விட்டால் நெடுஞ்சாலையில் போய் லாரியில் அடிபடுவார். என் இடத்தில் யார் இருந்தாலும் பூட்டித்தான் இருப்பார்கள். அது வேறு ஆள் என்று சின்னதுரையிடம் சொல்லிவிட்டேன்.

குயிலாப்பாளையத்தில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாகத் தகவல் என்று தளத்தில் எழுதினேன். அற்புதமேரி அங்கே ஓடினாள். பிறகு மயிலம் என்று எழுதினேன். அங்கேயும் போனாள். ஊரே தளத்தைத் திறந்து திறந்து பார்த்தது. நான் தினமும் பகலில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இட்லியைத் தள்ளிவிட்டு இனிப்பு கேட்டார். ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன், ஆசையாகச் சாப்பிட்டார். அவரை நான் பட்டினி போடவில்லை.

அற்புதமேரி அலைந்துவிட்டு சென்டருக்கு வந்து உட்காருவாள். ஊசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து மடியிலேயே பிடித்திருப்பாள். "பாத்த எடத்துலயே போட்டுடலாம்னுதாண்ணா தூக்கிக்கினு திரியறேன்" என்றாள். அவளுக்கு டீ வரவழைத்தேன். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போதே ரேங்க் பார்த்தேன். இன்னும் சரிந்திருந்தது.

அதற்கடுத்து நான் கதவைத் திறந்தபோது அவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம்தான். செல்போனைக் கையில் எடுத்தேன். ரேங்க் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு நாள் பார்க்கலாம் என்று பூட்டிவிட்டு வந்தேன்.

'முதியவர் பெரியநாயகம் சடலமாக மீட்பு' என்று எல்லோருக்கும் முன்னால் செய்தி போட்டது கிடங்கல் டைம்ஸ்தான். பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, போலீசுக்கும் நானே தகவல் சொன்னேன். செய்தியைப் படித்துவிட்டு சின்னதுரை சென்டருக்குப் போன் செய்திருக்கிறார். ஜெர்லின் எடுத்தாள். "வேற ஆளுன்னு சொன்னாரே உங்க சாரு? அதே ரூம்லதானே எடுத்திருக்காங்க?" என்றாராம். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆம், பூட்டியது நான். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே, அந்தப் பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டே, அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான். கடைசியாகப் பூட்டும்போது அவர் பிழைக்க மாட்டார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அத்தனை ஜனம் வந்தது. ஒருவரைக்கூட அந்த ரேங்க் கம்பெனிக்காரர்கள் எண்ணவில்லை. இப்படிப்பட்ட கணக்கை நம்பித்தான் உலகமே நடக்கிறது. நீங்கள் விசாரிக்க வேண்டியது அவர்களைத்தான். ஓர் இடம், ஒரே ஓர் இடம் ஏறியிருந்தால் போதும் சார், அன்றைக்கே கதவைத் திறந்துவிட்டிருப்பேன்.