சேருங்கோ என்று அப்பா கூப்பிட்டார்

ஷெல் குண்டின் விசில் சத்தம். நீளமாக. அது நிற்கும்போதுதான் பயம்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

அப்பா கத்துகிறார். மண்ணில் முகம் புதைத்துக் கிடக்கிறேன். ஒன்று வெடிக்கிறது. இரண்டு. மூன்றாவது மிக அருகில். காது அடைத்துக்கொள்கிறது.

வன்னியில் கடற்கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தோம். வீட்டிலிருந்து புறப்பட்டது ஐந்து பேர். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை யாழினி, நான். எனக்குப் பத்தொன்பது வயது. தங்கும் இடத்தில் எல்லாம் அப்பா ஒரு மரத்தைக் காட்டுவார். ஷெல் ஓய்ந்ததும் அங்கே வர வேண்டும். "சேருங்கோ" என்று கூப்பிடுவார். போவோம். எங்களை எண்ணுவார். பிறகு நடப்போம்.

முதல் மரத்தடியில் ஐந்து பேர். அடுத்ததில் நான்கு. தண்ணீர் எடுக்கப் போன அண்ணன் வரவில்லை. அதற்கடுத்ததில் மூன்று. அம்மாவுக்குக் கையால் குழி தோண்டினோம்.

கடைசி மரம் பூவரசு. அன்று காலை நானும் யாழினியும் வேறு பக்கம் ஓடி யாரோ வெட்டி வைத்த ஒரு பங்கர் குழிக்குள் விழுந்தோம். ஓய்ந்தது. அப்பாவின் குரல். "சேருங்கோ பிள்ளையள், சேருங்கோ." யாழினி எழுந்தாள். இழுத்து அவள் வாயைப் பொத்தினேன். நானும் பதில் கொடுக்கவில்லை. பயம். வேறு காரணம் இல்லை. அவர் வெட்டவெளியில் நின்று நான்கு தடவை கூப்பிட்டார். மறுபடி விசில். ஐந்தாவது தடவை கூப்பிடவில்லை.

இப்போது மலேசியாவில், தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. போன மாதம் ஒரு மெஷின் புகைந்தது. அலாரம் அடித்தது. வெளியே ஓடினோம். லைன் லீடர் மகேஸ்வரி அக்கா கார் நிறுத்துமிடத்தில் நின்று கத்தினார்.

"ரீகுரூப்! எல்லாரும் ரீகுரூப் பண்ணுங்க!"

நான் ஒரு லாரியின் பின்னால் குந்திவிட்டேன்.

அக்காவே தேடி வந்தார். "ஒரு ஆளு குறையுதுன்னு ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஏன்மா இங்க உக்காந்திருக்க?"

"அக்கா, ரீகுரூப் எண்டா என்ன?"

அவர் என் அருகில் தரையிலேயே உட்கார்ந்தார். "கலைஞ்சு போனவங்க திரும்ப ஒண்ணா சேர்றதுமா. அடி வாங்குன பின்னாலயும் சொல்வாங்க. அந்தப் பெரிய ஆர்டர் கைய விட்டுப் போச்சுல்ல? அப்ப மேனேஜர் சொன்னாரு, ரீகுரூப் பண்ணி மறுபடி ஆரம்பிக்கலாம்னு. அந்த மாதிரி லா."

"ஒராள் மட்டும் மிஞ்சினா? அப்பவும் அப்பிடிச் சொல்லலாமோ?"

அக்கா எழுந்தார். என் கையைப் பிடித்து எழுப்பினார். வரிசையில் போய் நின்றேன்.

இழந்ததை எழுதி வைக்கிறேன். ஒரு வீடு. அம்மாவின் தையல் மெஷின். அண்ணனின் சைக்கிள். அண்ணன், உடல் கிடைக்கவில்லை. அம்மா, புதைத்த இடம் தெரியும். அப்பா, புதைக்க நேரம் இருக்கவில்லை. யாழினி, பதினொரு வயது. கடலேரியைக் கடக்கும்போது நெரிசலில் கை நழுவியது. இன்றுவரை தகவல் இல்லை.

இறந்தவர்கள் இருவர் என்றே எங்கும் சொல்கிறேன். அண்ணனையும் யாழினியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.